பானட் ஓரத்து இருக்கை

எனக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். கத்துகிறவர்களைக் கண்டுதான் எல்லோரும் ஒதுங்கிப் போகிறார்கள். கத்துகிறவர்கள் கத்தி முடித்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். என்னைப்போல வாயை மூடிக்கொள்கிறவர்களால்தான் கேடு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எனக்கு வேலை கிடைத்தது தொண்ணூற்றொன்பதில். அறிவியல் ஆசிரியை. வீடு பழனிசெட்டிபட்டியில். பள்ளிக்கூடம் கடமலைக்குண்டையும் தாண்டி, வருசநாடு போகிற சாலையில். கணவருக்குத் தேனியில் ஒரு மில்லில் வேலை. வீட்டை அந்தப் பக்கம் மாற்றினால் அவர் மில்லுக்குப் போக முடியாது. மாற்றாவிட்டால் நான் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது. இரண்டில் ஒரு முடியாததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றபோது அது என் பங்குக்கு வந்தது. காலை மணி அடிப்பதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற பஸ் ஒன்றே ஒன்றுதான். அதைப் பிடிக்க, சின்னப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு இருட்டில் கிளம்ப வேண்டும். அதனால் அந்தச் சாலையிலிருந்த நாலைந்து பள்ளிக்கூடங்களின் ஆசிரியர்கள் பத்துப் பேர் சேர்ந்து, மாத வாடகைக்கு ஒரு டீசல் வேன் பிடித்திருந்தார்கள். பதினோராவது ஆளாக நான் சேர்ந்தேன்.

முதல் நாள் ஏறியதும் ஜன்னலோரம் காலியாக இருந்த ஓர் இடத்தில் உட்கார்ந்தேன். வண்டிக்குள் பேச்சு நின்றது. பின்னாலிருந்த தமிழ் டீச்சர் என் தோளைத் தொட்டு, “அது ஒனக்கு முந்தி சர்வீசுக்கு வந்தவுக இடம்மா. ஒன்னோட இடம் முன்னாடி” என்றார். வேனில் யார் எங்கே உட்காருவது என்பது பணியில் சேர்ந்த தேதிப்படி. சீனியாரிட்டி பட்டியல் பதவி உயர்வுக்கு மட்டும்தான் என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். மூத்தவர்களுக்கு ஜன்னல், நடுத்தரங்களுக்கு நடுவிடம், கடைசியாக வந்தவருக்கு பானட் ஓரம். இன்னொருவர் புதிதாக வந்து சேர்கிறவரை அங்கேயேதான் இருக்க வேண்டும்.

அந்த வேனில் இன்ஜின் முன்பக்கம், டிரைவருக்கு இடதுபுறம், தகரப் பெட்டி போட்டு மூடியிருக்கும். அதைத்தான் பானட் என்போம். அதற்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் பெரிய சார். அவர் வேறொரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியர். வேனுக்குள் எங்கள் எல்லோருக்கும் தலைமையாசிரியர். வண்டியை ஏற்பாடு செய்ததும், டிரைவரைப் பேசி வைத்ததும், பிடிக்காவிட்டால் நிறுத்துவதும் அவர்தான். பானட்டை ஒட்டி அதற்குப் பின்னால் ஒரு குட்டி இருக்கை. அதுதான் எனக்கு. முழங்கால் இரண்டும் தகரத்தில் இடிக்கும். கண்டமனூர் விலக்கு தாண்டுவதற்குள் சேலையை ஊடுருவிச் சூடு ஏறிவிடும். காலை நீட்ட முடியாது, மடக்க முடியாது, எழுந்து நிற்க உயரம் போதாது. போக ஒன்றே கால் மணி நேரம், வர ஒன்றே கால் மணி நேரம். மற்றவர்கள் தூங்குவார்கள், விடைத்தாள் திருத்துவார்கள், கீரை ஆய்வார்கள். நான் டிரைவரின் இடது தோளுக்கு மேலாக முன்னாலிருந்த மீட்டர்களைப் பார்த்துக்கொண்டு போவேன். பார்ப்பதற்கு வேறு எதுவும் அங்கே இல்லை.

அப்படிப் பார்த்துத்தான் ஒரு விஷயம் தெரியவந்தது. சேர்ந்த சில மாதங்களில் வெயில் ஏறியது. ஒரு நாள் திரும்பி வரும்போது சூடு காட்டுகிற மீட்டரின் முள், நடுவில் நிற்க வேண்டியது, மெல்ல நகர்ந்து சிவப்புக் கோட்டைத் தொட்டது. டிரைவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுகிறவருக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பானட் இடுக்கு வழியாக ஆவி வந்தது. அவர் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டினார். மற்றவர்கள் இறங்கிப் புளியமரத்து நிழலுக்குப் போனதும் அவரிடம் போய்க் கேட்டேன்.

“அண்ணே, முள்ளு சிவப்புக்குப் போய் ரொம்ப நேரமாச்சே. பாக்கலையா?”

அவர் முகம் மாறியது. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. கடமலைக்குண்டுப் பக்கம் தன் பங்குக்கு வந்த இலவந்தோப்பை விற்று இந்த வேனை வாங்கியவர். இதை விட்டால் அவருக்கு வேறு தொழில் இல்லை என்பது வேனில் எல்லோருக்கும் தெரியும்.

“டீச்சர், ஒரு மைலுக்கு அங்கிட்டு நிக்கிறது எருமையா பசுவான்னு சொல்லிருவேன். கிட்டக்கத்தான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. அந்த மீட்டரு வெள்ளையா ஒரு வட்டம், அம்புட்டுத்தான் தெரியுது.”

“வெள்ளெழுத்து அண்ணே. வயசானா எல்லாருக்கும் வாரதுதான். கீழ்ப்பாதியில மட்டும் பவர் வச்ச கண்ணாடி இருக்கு. ஒண்ணு வாங்கிப் போட்டுக்கங்க.”

“எனக்கு முந்தி இந்த லைன் ஓட்டுனவரு ஏன் நின்னாருன்னு தெரியுமா? கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தாரு. கண்ணு தெரியாதவன் கையில பத்து உசுரைக் குடுக்க முடியாதுன்னு பெரிய சாரு மூணாம் நாளே நிப்பாட்டிட்டாக.”

இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குப் பத்து விதமாகத் தெரிகிறது. அன்றைக்கு வாய் தவறிச் சொன்னது இதுதான்: “சரி, நான் பாத்துச் சொல்றேன்.”

சத்தம் போட்டுச் சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடும். என்னிடம் நீளக் குடை ஒன்று இருந்தது. நுனியில் இரும்புப் பூண் போட்டது. அதை வைத்து ஏற்பாடு செய்துகொண்டோம். முள் நடுவைத் தாண்டினால் வண்டித் தரையில் ஒரு தட்டு, சிவப்பை நெருங்கினால் இரண்டு தட்டு. ஒரு தட்டுக்கு வேகத்தைக் குறைப்பார். இரண்டு தட்டுக்கு ஓரங்கட்டி நிறுத்துவார். அவ்வளவுதான்.

அந்த இரண்டு தட்டுக்குப் பின்னால் அவர் செய்வதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கும் அத்துப்படியாகிவிட்டது. சூடேறிய இன்ஜினைச் சட்டென்று அணைக்க மாட்டார். ஓடவிட்டபடியே ஆறவைப்பார். அப்புறம் அணைத்துவிட்டுக் காத்திருப்பார். ரேடியேட்டர் மூடிமேல் ஈரச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் திருகு மட்டும் திருகுவார். சீறல் அடங்கிய பிறகுதான் முழுசாகத் திறப்பார். மறுபடி ஸ்டார்ட் பண்ணி, ஓடுகிற இன்ஜினுக்கு ஒரு சொம்பு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு சொம்பு என்று தண்ணீர் ஊற்றுவார். “சுட்ட பாத்திரத்துல பச்சத் தண்ணி ஊத்துனா விரிசல் விடுமா விடாதா டீச்சர்? அதே கததான்” என்பார். என் வகுப்பில் நான் நடத்திய வெப்பப் பாடத்தைவிட அது தெளிவாக இருந்தது.

ஆனால் கூலன்ட் விஷயத்தில் மட்டும் அவரை வழிக்குக் கொண்டுவர முடியவில்லை. சீக்கிரம் கொதிக்காமலும் துருப்பிடிக்காமலும் காக்கிற அந்தப் பச்சை நிறத் திரவத்தைத் தேனியில் மெக்கானிக் ரேடியேட்டரில் ஊற்றி அனுப்புவார். வழியில் குறையக் குறைய இவர் பள்ளிக்கூடத்து அடிபம்பு, டீக்கடைக் குடம், எது கிடைத்தாலும் ஊற்றுவார். இரண்டு மாதத்தில் பச்சை வெளுத்து வெறும் தண்ணீராகிவிடும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கேனில் கொண்டுவாருங்கள், அதிலேயே கூலன்ட்டைக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஆடி அமாவாசைக்குச் சுருளி அருவிக்குப் போனவர் இரண்டு கேன் நிறையத் தீர்த்தம் பிடித்துக்கொண்டு வந்தார். அதை ரேடியேட்டரில் ஊற்றினார். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், உள்ளே வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும் என்றேன்.

“சாமி தண்ணி கெடுதல் செய்யுமா டீச்சர்?” என்றார்.

அதற்குப் பிறகு சூடு இன்னும் சீக்கிரமாக ஏறியது. தீர்த்தத்தின் மேல் பழி போட நானும் துணியவில்லை.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவருக்குப் பெயர் வந்துவிட்டது. மீட்டர் பக்கம் குனிந்துகூடப் பார்க்காமல், ஆவி வருவதற்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, “சூடேறுது சார், தண்ணி காட்டணும்” என்று சொல்கிற டிரைவரை யாருக்குத்தான் பிடிக்காது? “நம்ம ஆளு இன்ஜின் சத்தத்தை வச்சே சூட்டைச் சொல்லிருவாரு” என்று பெரிய சார் கல்வி அலுவலகம் வரைக்கும் போய்ப் பெருமை பேசினார். நான் குடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்து லேசாகத் தலையைத் தாழ்த்துவார். அதில் எரிச்சல் அடங்கிவிடும்.

மூன்று வருடம் அப்படிப் போனது. யாரும் புதிதாக வந்து சேரவில்லை. ஒவ்வொரு கோடையிலும் மாறுதலுக்கு எழுதிப் போட்டேன், கிடைக்கவில்லை. மற்றவர்கள் தூங்கிக்கொண்டு போகிற சாலையில் நான் ஒருத்தி மட்டும் கண்ணை மூட முடியாது. உடம்பு சரியில்லாத நாளில்கூட, நான் போகாவிட்டால் முள்ளை யார் பார்ப்பார்கள் என்று எழுந்து ஓடியிருக்கிறேன். கனவில் முள் ஏறும். சமையலறையில் குக்கர் சத்தம் கேட்டால் கை குடையைத் தேடும். இதைக் கணவரிடம் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்துச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நாலாவது வருடம் ஜூனில் ஒரு புது டீச்சர் வந்தார். சின்னப் பெண், கலகலப்பானவள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பட்டியல்படி பானட் ஓரம் அவளுக்கு, ஒரு படி மேலே நடுவிடம் எனக்கு. முதல் நாள் எழுந்து இடம் மாறப் போனபோது டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அன்று சாயங்காலம் எல்லோரும் இறங்கிய பிறகு சொன்னார்:

“டீச்சர், அது பெரிய சாரோட தங்கச்சி மக. அதுகிட்ட எப்பிடிச் சொல்ல? இந்த ஒரு வருசம் மட்டும் அங்கனயே இருந்துருங்க. எம்மவளுக்கு நர்சிங் படிப்பு முடிஞ்சிரும். அப்பறம் நானே கண்ணாடி போட்டுக்கிட்டு வந்து நிக்கிறேன். வேணும்னா நிப்பாட்டட்டும்.”

மறுநாள் நான் பானட் ஓரத்திலேயே போய் உட்கார்ந்தேன். “இது எனக்குப் பழகிப்போச்சு, நீ பின்னாடி உக்காரு” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சீனியாரிட்டியை விட்டுக்கொடுத்த ஆளை அந்தச் சாலையில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. பேச்சு கிளம்புவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது. “டீச்சருக்கு பானட் மேல என்னமோ பாசம்” என்றார்கள். பிறகு அவர் கண்ணாடியில் என்னைப் பார்ப்பதை யாரோ கவனித்தார்கள். எல்லோரும் இறங்கிய பிறகு நான் நின்று பேசுவதைக் கவனித்தார்கள். ஒரு நாள் தமிழ் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏத்தா, நாலு பேரு நாலு விதமாப் பேசுறாக. எடம் மாற வேண்டியதுதானே? அப்பிடி என்னதான் இருக்கு அங்கன?”

அங்கே ஒரு முள் இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால் அந்த மனிதருக்குப் பிழைப்புப் போய்விடும். சொல்லாவிட்டால் எனக்கு மானம் போய்விடும். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு நடுவில் என்னை உட்கார வைத்த மாதிரி இருந்தது.

பேச்சு வீட்டுக்கு வந்து சேர ஏழெட்டு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் கறி எடுத்துக்கொண்டு வந்து பையை வைத்துவிட்டுக் கேட்டார். கத்தவில்லை. “அந்த வேன்ல நீ எங்க உக்காருவ?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். “நாளையிலயிருந்து பஸ்ஸில போ” என்றார். அந்த இருட்டு பஸ்ஸில் போனால் பிள்ளையை யார் கிளப்பிப் பள்ளிக்கூடம் அனுப்புவது என்று நான் கேட்கவில்லை. அவரும் அதை யோசித்திருக்க வேண்டும், மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் வீட்டில் மற்ற எந்தப் பேச்சும் இல்லாமல் போனது.

மறுநாள் டிரைவரிடம் சொல்லிவிட்டேன், இனி என்னால் முடியாது என்று. அவர் கும்பிடாத குறையாகக் கேட்டார். “பரீட்சை முடிஞ்சு லீவு விடப்போறாக டீச்சர். இன்னும் ஒரே மாசம்.” சரி என்றேன். என் வாயிலிருந்து வந்த அந்தச் சரியை நினைத்தால் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது.

அது ஏப்ரல். பரீட்சை நாட்களில் மத்தியானமே கிளம்பிவிடுவோம். அன்று வெயில் கொளுத்தியது. மூல வைகையில் மணல் மட்டும்தான் கிடந்தது. கடமலைக்குண்டில் நிறுத்தியபோது பெரிய சார் எல்லோருக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்தார். அவர் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ நல்ல பெயர் கிடைத்திருந்தது. மறுபடி கிளம்பியதும் உற்சாகமாகத் தன் தங்கை மகளான புது டீச்சரிடம் சொல்ல ஆரம்பித்தார்.

“இவரு மாதிரி ஒரு டிரைவரை நீ பாத்துருக்க மாட்டம்மா. மீட்டரையே பாக்க மாட்டாரு. காது ஒண்ணு போதும்.”

அந்தப் பெண், “நெசமாவாண்ணே?” என்றாள்.

டிரைவர் சிரித்தார். அவருக்கும் அன்று இளநீர் கிடைத்திருந்தது. “மீட்டரைப் பாத்து ஓட்டுறவன் டிரைவராம்மா? இத்தன வருசம் இன்ஜினோட குடும்பம் நடத்துறோம். அது மூச்சு விடுறது நமக்குத் தெரியாதா?”

பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள். குடும்பம் என்ற சொல்லுக்கா, எனக்கா, தெரியவில்லை. நான் குடையை எடுத்துக் குறுக்காக மடியில் வைத்துக்கொண்டேன்.

கண்டமனூருக்கு முந்தைய அந்தப் பொட்டல் சாலையில் முள் நடுவைத் தாண்டியது. நான் தட்டவில்லை. எனக்கு அந்த நிமிஷத்தில் என்ன வேண்டியிருந்தது என்று இவ்வளவு காலம் கழித்தும் தெளிவாகச் சொல்ல முடியும். ஆவி வர வேண்டும். வண்டி எல்லோர் முன்னாலும் புகைந்துகொண்டு நிற்க வேண்டும். காது எங்கே போயிற்று என்று பெரிய சார் கேட்க வேண்டும். அதோடு இந்த நாடகம் முடிந்து, நான் அந்த இருக்கையிலிருந்து எழுந்துவிட வேண்டும். முன்பு ஒருமுறை ஆவி வந்தபோது ஒன்றும் ஆகவில்லையே, தண்ணீர் ஊற்றியதும் ஓடியதே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அது பச்சைக் கூலன்ட் இருந்த காலம். இது சுண்ணாம்பு படிந்த ரேடியேட்டர். அந்த வித்தியாசம் வண்டியிலிருந்த பன்னிரண்டு ஆசிரியர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

முள் சிவப்பைத் தொட்டது. தொட்டு, உள்ளே போனது. முழங்காலைத் தகரத்தில் வைக்க முடியவில்லை. அவருக்கும் ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். மேட்டில் வண்டி இழுக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்து, யாரிடமோ கேட்பது போல, திரும்பாமல் கேட்டார்:

“என்னா டீச்சர், எல்லாம் சரியாத்தானே இருக்கு?”

“சரியாத்தான் இருக்கு” என்றேன்.

அவர் அதை நம்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

அரைக் கிலோமீட்டர்கூடப் போயிருக்காது. பானட்டுக்குள் இரும்பு இரும்பில் மோதுகிற சத்தம் வந்தது. கருகல் வாடை. அப்புறம் வெள்ளையாக ஆவி, இடுக்கெல்லாம் வழியாக. இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கித் தானாக நின்றது. பெண்கள் கதவைத் தள்ளிக்கொண்டு குதித்தார்கள். அவர் சாவியைத் திருப்பி அணைத்தார். என் கண் எதிரே முள் சிவப்பிலிருந்து மெதுவாகக் கீழே விழுந்து, குளிர்ந்த பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் அதைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது தெரியவில்லை.

பெரிய சார் ரோட்டில் நின்று கத்தினார். “காதுலயே கேக்கும்னீரே, என்னய்யா ஆச்சு காதுக்கு?” டிரைவர் தண்ணீர்க் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதை ஊற்றிப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆயில் பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தார். ஆயிலில் தண்ணீர் கலந்து, பால் ஊற்றிய டீயின் நிறத்தில் இருந்தது. கம்பியைத் துடைத்துத் திரும்பச் செருகினார்.

அந்த வழியாக வந்த பஸ்ஸில் மற்றவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் கடைசியாக நின்றேன். அவர் என் அருகே வந்தார். அவர் திட்டுவார், திட்டட்டும் என்று நினைத்தேன்.

“மீட்டரு பொய் காட்டிருச்சு டீச்சர். முள்ளு நடுவுலயே செத்துப்போயி நின்னுருக்கு. நீங்க என்ன செய்வீக? மனசப் போட்டுக் கொழப்பிக்காதீக, போங்க.”

நான் பஸ்ஸில் ஏறினேன். குடையை வேனிலேயே விட்டுவிட்டேன் என்பது கண்டமனூர் தாண்டித்தான் தெரிந்தது.

இன்ஜினின் ஹெட் வளைந்துவிட்டது, பிளாக்கிலும் விரிசல், இனி அது தேறாது என்று மெக்கானிக் சொன்னதாகத் தமிழ் டீச்சர் மூலம் கேள்விப்பட்டேன். புது இன்ஜின் போட அவருக்கு வழியில்லை. வண்டி நின்றதற்கு இரண்டு நாள் கழித்து நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ் ஸ்டாப்பில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் என் குடை. கரி படிந்திருந்ததைத் துடைத்துச் சுத்தமாக்கியிருந்தார். “ஒங்க குடை டீச்சர்” என்று கொடுத்தார். அவர் மகளின் படிப்பு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. வேனை உடைக்கிறவர்களுக்கு விற்றுவிட்டார் என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

நாங்கள் வேறு வேன் பிடித்தோம். அதில் இன்ஜின் சத்தமே உள்ளே கேட்காது. எனக்குப் பட்டியல்படி நடுவிடம் கிடைத்தது. பேச்சும் தானாக ஓய்ந்தது. கணவர் மறுபடி சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. போகும்போதும் வரும்போதும் தூங்கலாம் என்றால் ஒரு நாள்கூடத் தூக்கம் வரவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்குப் போய்விட்டு, தனியாக ஒரு மினிபஸ்ஸில் ஏறினேன். சந்தை நாள், நெரிசல். முன்பக்கம் பானட்டை ஒட்டி ஓர் இடம்தான் காலி. உட்கார்ந்த பிறகுதான் டிரைவரைப் பார்த்தேன். அவர்தான். யாரோ ஒரு முதலாளியின் பஸ். மூக்கில் கண்ணாடி போட்டிருந்தார், கீழ்ப்பாதியில் கோடு விழுந்த கண்ணாடி. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரில் ஒருவர்கூட அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

“நல்லாருக்கீகளா டீச்சர்?” என்றார். பழைய குரல்தான். மகள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டதாகவும், திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பதாகவும், நான் கேட்காமலேயே சொன்னார். ஒரு கிலோமீட்டர் தாண்டி, ஒரு நிறுத்தத்தில் ஆள் இறக்கினார். அப்புறம் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

“அந்த மீட்டரு நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர். மறுநாளே மெக்கானிக்கு கழட்டி, கொதிக்கிற தண்ணியில சென்சரைப் போட்டுப் பாத்தாரு. முள்ளு கரெக்டா ஏறுச்சு.”

மறுநாளே. அப்படியென்றால் அதற்கு அடுத்த நாள் என் குடையைத் துடைத்துக் கொண்டுவந்து நின்றபோது அவருக்குத் தெரியும். என் கால்கள் தகரத்தில் பட்டுச் சுட்டன. நகர இடமில்லை. இரண்டு பக்கமும் கூடையோடு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

“யார்கிட்டயும் சொல்லலையே அண்ணே” என்றேன்.

“சொன்னா, நீங்க எதுக்கு முள்ளப் பாக்கணும்னு கேப்பாக. ஏற்கெனவே ஒங்களப் பத்தி என்னென்னமோ பேசிக்கிட்டு இருந்தாக. எனக்கும் காதுல விழுந்துச்சு” என்றார். கியரை மாற்றினார். “விடுங்க டீச்சர். விடியுமுன்ன எந்திரிச்சு வீட்டு வேல பாத்துட்டு வாரவுக. அசதியில கண்ணசந்துருப்பீக. நான் கேக்கவும் பதறிப்போயி சரிதான்னு சொல்லிருப்பீக. அம்புட்டுத்தானே?”

கேட்டுவிட்டு என்னைக் கண்ணாடியில் பார்த்தார். பதிலுக்காகக் காத்திருந்தார். அவர் கைக்கு எதிரே சூடு காட்டும் முள் நடுவில் நின்றது. நான் கண்ணசரவில்லை அண்ணே, விழித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்கு இனி கிடைக்காது என்பது அப்போதே தெரிந்தது. வாய் மூடிக்கொண்டது. இந்தத் தடவை கோபத்தால் அல்ல.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் இப்போது கண்ணாடி போட்டிருந்ததால் அதை நன்றாகவே பார்த்திருப்பார்.